பார்வை: வலது கண் மட்டும்

அனுப்புநர்:
உப்பளத்தில் வாருபலகை பிடித்த ஒருத்தி,
மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நாற்பது சதவீதம் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016,
புது தில்லி.

பொருள்: ஊனம் மூன்று சதவீதம் பற்றாமல் போனது – தொடர்பாக.

பார்வை: வலது கண் மட்டும்.

ஐயா,

நான் சொல்லச் சொல்ல என் பேரன் எழுதுகிறான். பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படிக்கிற பிள்ளை. கடிதத்தில் திமிர் தெரிந்தால் அது அவனுடையது, வலி தெரிந்தால் என்னுடையது.

எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். மனுவை வாங்கி வைப்பார்கள், அடுத்த முறை போனால் மாற்றலாகிப் போயிருப்பார்கள். நீங்கள் அப்படி இல்லை. 1995-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இருந்தீர்கள், 2016-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இருக்கிறீர்கள். நடுவில் ஊனத்தின் வகைகள் ஏழிலிருந்து 21 ஆயின. ஊனமுற்றோராக இருந்த நாங்கள் மாற்றுத்திறனாளி ஆனோம். உங்கள் நாற்காலி மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதனால்தான் மந்திரிக்கும் கலெக்டருக்கும் எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாற்பது சதவீத ஊனம் இருந்தால்தான் ஓய்வூதியம் என்று எல்லைக்கோடு போட்டதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் தொழிலே கோட்டில்தான் ஓடுகிறது. உப்புத்தண்ணி பாத்தி மாறிப் பாத்தி போய், வெயிலில் சுண்டிச் சுண்டி அடர்த்தி 25 டிகிரி வந்தால்தான் உப்பு விழும். 24-இல் காலில் விழுந்து கெஞ்சினாலும் விழாது. ஆனால் ஒன்று ஐயா, அந்த டிகிரியைத் தண்ணி கிடக்கிற பாத்தியிலேயே பார்க்கிறோம். ஒரு குடம் மொண்டு, இரண்டு பஸ் மாறி எடுத்துப்போய், ஜன்னலுக்குத் திரை போட்ட அறையில் ஃபேனுக்கு அடியில் வைத்து அளப்பதில்லை.

என்னை அப்படித்தான் அளந்தார்கள். ஊனத்தை அளக்கும் முகாமுக்குத் தனியாக வர முடியாது என்று மருமகளும் கூட வந்தாள். அவள் கூலி ஒருநாள் போயிற்று. ஜெராக்ஸ் எடுக்கவும் டோக்கன் வாங்கவும் பேரன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். வருவாய்த் துறை கொடுக்கும் ஓய்வூதியத்துக்குப் பெயரிலேயே ‘ஆதரவற்ற’ என்றொரு சொல் உண்டு. நான் ஆதரவற்றவள் என்று நிரூபிக்க எனக்கு இரண்டு பேருடைய ஆதரவு தேவைப்பட்டது.

இடது கண் போனது பெரிய கதை இல்லை. கருவிழியில் புண் வந்தது, சீசன் முடியட்டும் என்றிருந்தேன், பூ விழுந்துவிட்டது. இப்போது அதில் வெளிச்சமும் தெரியாது. ஒரு கண் போனால் பாதி போச்சு என்பது ஊர்க்கணக்கு. ஐம்பது போடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போனேன். அரசிதழில் வந்த வழிகாட்டியில், ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்று இருக்கிறதாம். மிச்சமுள்ள கண் ஒன்றே 70 சதவீத வேலையைப் பார்க்கும் என்று உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கண்ணிடம் சொன்னேன். அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய அட்டையை அது நன்றாகத்தான் பார்த்தது. ஆனால் உப்பளத்தில் யாரும் அட்டை மாட்டி வைப்பதில்லை. உச்சிப்பொழுதில் மேலே ஒரு சூரியன், பாத்தியில் ஒரு சூரியன், அம்பாரத்தில் ஒரு சூரியன். மூன்றுக்கும் சேர்த்து அந்த ஒற்றைக் கண் மூடிக்கொள்ளும். திறந்தாலும் மேடு பள்ளம் மட்டுப்படாது. வரப்பு எங்கே முடிகிறது, பாத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று குத்துமதிப்பாகத்தான் காலை வைக்க வேண்டும். அப்படி ஒருநாள் தலையில் உப்புக் கூடையோடு மதிப்புத் தப்பி விழுந்ததில்தான் வலது முட்டி போயிற்று. முட்டிக்கு 10 சதவீதம் போட்டார்கள். கண் பெற்ற பிள்ளைதான் முட்டி. ஆனால் உங்கள் பதிவேட்டில் இரண்டும் வேறு வேறு வீடு, வேறு வேறு டாக்டர்.

சரி, முப்பதும் பத்தும் நாற்பது, ஐயாவைத் தொட்டுவிட்டோம் என்று மருமகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அங்கேதான் உங்கள் கணிதத்தின் மேன்மை தெரிந்தது. இரண்டு ஊனம் இருந்தால் சும்மா கூட்டக் கூடாதாம். தொண்ணூறிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, அதைக் கொண்டுபோய்ப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். பேரன் டோக்கன் சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தான். 30-ம் 10-ம் 36.67. தாராளமாக மேலே ஏற்றினால் 37.

டாக்டர் நல்ல மனுஷன். “எல்லாத்தையும் அப்படியே கூட்டினா சில பேருக்கு நூத்தி முப்பது வந்துடும்மா, ஒரு ஆளுக்கு நூறுக்கு மேல எப்படி ஊனம் இருக்கும்?” என்று பொறுமையாக விளக்கினார். நியாயம்தான். ஆனால் நூற்றைத் தாண்டிவிடுவார்களே என்ற பயத்துக்கு, நாற்பதைத் தொட வந்தவளிடமா மூன்றைப் பிடிப்பது? இதே வாய்ப்பாட்டில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் பாக்கியைக் கூட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கேட்டுப் பார்த்தேன். அவர் இன்னும் பழைய கூட்டல் கணக்கிலேயே இருக்கிறார்.

எனக்கு வெள்ளை அடையாள அட்டை வந்திருக்கிறது. நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பதிலிருந்து மஞ்சள், எண்பதிலிருந்து நீலம். காலமெல்லாம் வெள்ளையை வாரியவளுக்கு வெள்ளையே வந்தது பொருத்தம். இவளுக்கு ஊனம் உண்டு என்று அரசாங்கமே சொல்லும் அட்டை அது. ஓய்வூதியத்துக்கு அதை நீட்டினால் செல்லாது.

என்னை அளந்தவர் நீங்கள் மட்டும் இல்லை. எங்கள் மேஸ்திரியும் அளந்தார். அவருக்கு எழுத்து அட்டை, டார்ச், வாய்ப்பாடு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் வரப்பில் நடந்து வந்த நடையைப் பார்த்தார். “நீ வூட்லயே இரு ஆயா” என்றார். நூறு சதவீதம்! கூலிக்கு நூறு சதவீதம் ஊனம், உதவிக்கு முப்பத்தேழு. நடுவில் இருக்கிற 63 சதவீதம் உடம்பை வைத்துக்கொண்டு நான் எங்கே வேலைக்குப் போவது என்று நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசிச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தருகிற 5,000 ரூபாய்க்கும் தொழிலாளி என்று பெயர் இருக்க வேண்டும். மேஸ்திரி அதையும் எடுத்துவிட்டார்.

உங்களைத் தாண்டியிருந்தால் பெரிய சொத்து வந்திருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாதம் 1,500 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்னால் ஆயிரம். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 6,000 தருகிறார்கள். அங்கேயும் வாசலில் நிற்பது நீங்கள்தான், ஆனால் கை கொஞ்சம் நீளம். உங்கள் அண்ணன் எண்பது சதவீதம் இன்னும் பெரிய ஆள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து அவரையும் தாண்டிவிட்டால் மத்திய அரசு மாதம் 300 ரூபாய் தரும். 2012-இலிருந்து அதே முந்நூறு. நாளுக்குப் பத்து ரூபாய். எண்பது சதவீதம் முடங்கியவர் டீக்கடைவரை நடக்க மாட்டார், டீ காசு மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி என்கிறான் பேரன். சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, இருபது மீட்டர் நடக்க முடிகிறதா என்று கேட்டுப் புள்ளி போடுவார்களாம். எட்டு புள்ளி எடுத்தால் பாஸ். ஏழில் நின்றவர்கள் அங்கேயும் யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள்.

என் கோரிக்கை சின்னது. வருகிற அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, முகாமை இங்கே பாத்தி ஓரமாகப் போடுங்கள். எழுத்து அட்டையை உப்பு அம்பாரத்தின்மேல் சாத்தி வைப்போம். ஆறு மீட்டரை நாங்களே அளந்து தருகிறோம். கருப்புக் கண்ணாடி கூடாது. குழுவில் இருப்பவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் ஒரு கூடையோடு வரப்பில் நாலு நடை போய்வரட்டும். வந்த பிறகு எந்த வாய்ப்பாட்டில் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும். மோர் எங்கள் செலவு. திரும்பிப் போகத் திண்டிவனம் பஸ் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்களுக்கு மூன்று சதவீதம் கீழே உள்ள,

கைநாட்டு: (மை பட்டிருக்கிறது, ரேகை உப்பில் போய்விட்டது. சாட்சி: பேரன்.)