எர்த் குழிக்கு ஒரு குடம்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மச்சினன் சென்னையிலிருந்து போன் போட்டான். அந்த நேரத்துக்கு வரும் போனுக்கு எங்கள் பரளச்சிப் பக்கம் ஒரே அர்த்தம்தான். மனைவி எழுந்து உட்கார்ந்து, சொந்தத்தில் யார் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று மனசுக்குள் பட்டியல் போட்டு, சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

"மச்சான், கப்பல் திரும்பிருச்சு."

"எங்கடா திரும்பிருச்சு?"

"ஆப்பிரிக்காவைச் சுத்தி முடிச்சு மேல திரும்பிருச்சு மச்சான். இப்பத்தான் ஆப்புல பார்த்தேன்."

"யாரு போயிட்டா?" என்றாள் மனைவி. "யாரும் போகலை, வந்துக்கிட்டிருக்கு" என்றேன். படுத்தாள், தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று நானும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காருக்குப் பணம் கட்டியது அவன். காத்துக்கிடப்பது நான். அவன் சென்னையில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். விடிந்தால் சைட்டு, சாயங்காலம் பார்ட்டி, நடுவில் பேங்க். காத்திருக்க நேரமில்லை. நான் ரிட்டயர் ஆகி, நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசலை வைத்துக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். 'எப்படியும் எதையாவது எதிர்பார்த்துக்கிட்டுத்தானே இருக்கார், இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்' என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது.

வண்டி பெரிய இடத்து வண்டி. ஐரோப்பாவில் செய்து, கப்பலேறி வருவது. பெட்ரோலும் போடலாம், வீட்டில் ஒயரைச் சொருகி கரண்டும் ஏற்றலாம். பேட்டரியில் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடும். அது தீர்ந்தால் இன்ஜின் எடுத்துக்கொள்ளும். முழுசாகப் பெட்ரோலும் இல்லாமல் முழுசாகக் கரண்டும் இல்லாமல் இந்த ரெண்டுங்கெட்டானை அவன் ஏன் பிடித்தான் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வருகிறேன்.

காத்திருப்பு மனைவி வீட்டில் பரம்பரைச் சொத்து. மாமனார் பஜாஜ் சேத்தக்குக்குப் பணம் கட்டியபோது மனைவி மூணாம் வகுப்பு. வண்டி வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. அன்றைக்கு அது அதிசயமே இல்லை. ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்று டெல்லியில் லைசென்ஸ் கொடுத்த காலம். டாலரில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் தனி வரிசை உண்டு, அது நகரும். வெளிநாட்டில் ஆள் இல்லாத மாமனார் சாதா வரிசையில் நின்றார். நின்றார் என்றால், திண்ணையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ரசீதைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு உழப் போய்விட்டார். யாரும் ராத்திரியில் அவரை எழுப்பி, பூனாவில் உங்கள் ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொன்னதில்லை.

1983 டிசம்பர் 14ஆம் தேதி டெல்லியில் இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800 சாவியை வாங்கினாரே ஹர்பால் சிங், அவர் அந்த 47,500 ரூபாய் காரை 2010ல் சாகும்வரை விற்கவில்லை. நம் ஆள், புக் பண்ணிய வண்டி கண்ணில் படும் முன்பே அதற்கடுத்து வரப்போகும் மாடலின் படத்தை எனக்கு அனுப்பி, "இதுல பின் விளக்கு நல்லாருக்குல்ல மச்சான்?" என்கிறான்.

கப்பல் விவகாரம் இன்னும் மோசம். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போவதென்றால் பெருநாழி தாண்டிச் சாயல்குடிப் பக்கம் போகவேண்டும். அதற்குமேல் கடலைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. இப்போது எல்லாம் தெரியும். செங்கடலில் ஹூதிகள் 2023 நவம்பரில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தது தெரியும். சூயஸ் வழி வேண்டாமென்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்துப் பதினைந்து நாள் கூட ஆகும், தெரியும். 2022ல் 'ஃபெலிசிட்டி ஏஸ்' என்ற கப்பல் சுமார் 4,000 கார்களோடு, போர்ஷே, பென்ட்லி எல்லாம் சேர்த்து, அட்லாண்டிக்கில் தீப்பிடித்து முழுகியது, தெரியும். 2025 ஜூனில் 'மார்னிங் மைடாஸ்' சுமார் 3,000 வண்டிகளோடு அலாஸ்காவுக்குத் தெற்கே போய்ச் சேர்ந்தது, அதுவும் தெரியும். டீக்கடையில் இதை ஒருநாள் சொன்னேன். மிளகாய்க்கு விலை இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "அந்தக் கார்ல வந்தவங்க எல்லாம் தப்பிச்சாங்களா?" என்று கேட்டார்.

வரிக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், எனக்கே எரிச்சல். 2025 செப்டம்பர் 22க்கு முன்னால் பெரிய பெட்ரோல், டீசல் எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம், பெரிய ஹைப்ரிட்டுக்கு 43. அன்றிலிருந்து ரெண்டுக்கும் 40. முழுக் கரண்டு வண்டிக்கு அன்றும் 5, இன்றும் 5. அதே வருஷம் ஜூலையில் இங்கிலாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் காருக்கு இறக்குமதி வரி இறங்குகிறது. ஹைப்ரிட்டுக்கு முதல் ஐந்து வருஷம் அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலை தீர்ந்துபோகிற ஜாதகம் இந்த வண்டிக்கு. இதில் நம் தெருப் பையன் ஒருத்தன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன், "எங்க லைன்ல நிமிஷத்துக்கு ஒரு வண்டி வெளிய வருது தாத்தா, நீங்க எதுக்குக் கப்பல் பார்த்துக்கிட்டிருக்கீங்க?" என்கிறான். பதில் தெரிந்தால் நான் ஏன் கப்பல் பார்க்கிறேன்?

சரி, எர்த் குழிக்கு வருகிறேன்.

சாவி வாங்கிய கையோடு வண்டி நேராகக் குலசாமி கோயிலுக்கு வரவேண்டும். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டர் பெட்ரோலில் வரலாமாம். ஆனால் கோயிலுக்குள் நுழையும்போது சத்தமே இல்லாமல் பேட்டரியில் நுழையவேண்டுமாம். "சத்தமில்லாம வந்தா ஊருக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். "தெரியணும்னுதான் மச்சான் சத்தமில்லாம வர்றது" என்றான். அதற்கு ராத்திரி என் வீட்டில் சார்ஜ் ஏற்றவேண்டும். ஆகவே வண்டிக்கு முன்னால் சார்ஜர் வந்துவிட்டது. சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. மாட்டுவதற்கு மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். சுத்தமான பையன், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்தான். பெட்டியை மாட்டினான். சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எர்த் இல்ல சார்."

எர்த் இல்லையா? என் வீட்டில்? நாலு பக்கமும் பூமி, சார்.

மீட்டரை வைத்துக் காட்டினான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட் காட்டுகிறதாம். இந்தப் பெட்டி அதைக் கண்டால் கரண்டை விடாதாம். மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் இத்தனை வருஷம் குலம் கோத்திரம் பார்க்காமல் ஓடிய வீட்டில், இந்தப் பெட்டி மட்டும் ஜாதகம் கேட்டது. புதுசாக எர்த் குழி தோண்டச் சொன்னான். ஒரு ஆள் ஆழத்துக்கு மேல். நடுவில் இரும்புக் குழாய். சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறி ஒவ்வொரு அடுக்கு.

கரிக்கும் உப்புக்கும் நாங்கள் யாரிடமும் கையேந்தவேண்டாம். சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு லாரி லாரியாகக் கரி அனுப்புகிற பூமி இது. உப்புக்குத் தூத்துக்குடி இருக்கிறது. குழி தோண்டத்தான் ஆள் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், "கண்மாய்ன்னா வெட்டுவோம், கரண்டுக்கெல்லாம் வெட்ட மாட்டோம்" என்றார்கள். கடைசியில் கல்லறைக்குத் தோண்டுகிற ஒருவர் வந்தார். அளவைச் சொன்னேன். "நீளம் கம்மியா இருக்கே, உக்கார வச்சா?" என்று கேட்டார்.

தோண்டிக் குழாயை இறக்கி, கரி போட்டு, உப்புப் போட்டு மூடியாயிற்று. பையன் திரும்ப வந்து அளந்தான். சிவப்பு. "மண்ணு காஞ்சிருக்கு சார். ஈரம் இருந்தாத்தான் எர்த் பிடிக்கும். டெய்லி ஒரு குடம் ஊத்துங்க."

கரிசலைப் பற்றிச் சொல்லவேண்டும். மழை பெய்தால் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராத மண். காய்ந்தால் பிளந்துவிடும், சித்திரையில் என் நிலத்து வெடிப்பில் மண்வெட்டிக் காம்பு இறங்கும். அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. கமுதி வரைக்கும் போகலாம். குடிதண்ணீரை வண்டியில் வருகிறவரிடம் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற ஊரில், காலையில் எழுந்து பல் விளக்கும் முன்னால், இன்னும் வராத ஒரு காருக்காக நான் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். சிவப்பு. போர்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், சப்புக் கொட்டினாலே உப்பு கரிக்கும் தண்ணீர். "உப்புத் தண்ணி ரொம்ப நல்லது சார்" என்றான் பையன் போனில். வாழ்க்கையில் முதன்முதலாக எங்கள் ஊர்த் தண்ணீரை ஒருத்தன் நல்லது என்று சொல்கிறான், அதுவும் குழிக்கு. மனைவி முருங்கை மரத்தைக் காட்டி, "இதுக்கு ஊத்துனா நாலு காயாவது காய்க்கும்" என்றாள். பக்கத்து வீட்டம்மா குழிக்கு நான் தண்ணீர் ஊற்றுவதை ரெண்டு நாள் பார்த்துவிட்டு, மூணாம் நாள் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் பச்சை எரிந்தது. எது காரணம் என்று நான் சண்டைக்குப் போகத் தயாரில்லை.

பச்சை எரிகிறதை வீடியோ எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். ஸ்டேட்டஸ் வைத்தான். சிங்கப்பூரிலிருந்து சகலை, "வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார்.

நடுவில் மச்சினனுக்கு ஒரு யோசனை. "மச்சான், வயல் மோட்டாருக்கு ஃப்ரீ கரண்டுதானே, அங்கேயே சொருகிட்டா?" எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். அந்த வழியில் வந்த கரண்டு அது. கோடி ரூபாய் கார் சத்தமில்லாமல் சாமி கும்பிடப் போவதற்காக யாரும் சாகவில்லை. "கேஸ் போட்டுருவாங்க" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அந்த பாஷைதான் புரியும். வீட்டு மீட்டரில் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; இந்த வண்டி ஒரு தடவைக்கு 20 யூனிட் குடிக்கும். கணக்கை அவனையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். பக்கத்துக் கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது, வந்தபோது ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியது. அங்கே உதிக்கிற அதே சூரியன்தான் இங்கேயும். என் வீட்டில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் டியூப்லைட் கண்ணடிக்கிறது.

கிடா வேறு. கோயிலுக்கு வெட்ட நேர்ந்துவிட்டதைக் குட்டியாகப் பிடித்து என் வீட்டில் கட்டினார்கள், 'வண்டி அடுத்த மாசம் வந்துரும்' என்று. சில்லு தட்டுப்பாடு, கப்பல் தாமதம், துறைமுகத்தில் பேப்பர் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் அது ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே வந்தது. இப்போது அதற்குக் கொம்பும் தாடியும் சொந்த அபிப்பிராயங்களும் இருக்கின்றன. சார்ஜர் பெட்டியில் முதுகைத் தேய்க்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் கண்மாய்ப் பாசன சங்கத்துக்காரரை மட்டும் முட்டுகிறது. பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் யார் கொடுப்பது என்று கேட்டேன். "கணக்கு வச்சுக்கங்க மச்சான், வண்டி வந்ததும் பார்த்துக்கலாம்" என்கிறான். இந்த வீட்டில் இப்போது எல்லாமே வண்டி வந்ததும்தான். தாழ்வாரத்து ஓடு மாற்றுவது, மனைவிக்கு மதுரையில் கண் காட்டுவது, வாசல் வேம்பின் கிளையைக் கழிப்பது. ரெண்டு மீட்டர் அகல வண்டி எங்கள் தெருவில் திரும்புமா என்று நாடா வைத்து அளந்தேன். திரும்பாது. அதை இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை திரும்பப் போன். கப்பல் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறதாம், ஏன் என்று தெரியவில்லையாம். குரல் உடைந்திருந்தது. பாவமாகவும் இருந்தது.

"மச்சான், சார்ஜர் பத்திரமா இருக்கா? யாரும் கை வைக்கலையே?"

"யாரு வைக்கப் போறா மாப்ள."

பெட்டிக்குப் பக்கத்தில் அதே எர்த்தில் இழுத்த 15 ஆம்பியர் ப்ளக்கில் பால்காரர் தன் ஐக்யூப் ஸ்கூட்டரைச் சொருகியிருந்தார். 80 சதவீதம் ஏறியிருந்தது. பதிலுக்கு அவர் தினம் காலையில் வரும்போது குழிக்கு ஒரு குடம் ஊற்றிவிடுகிறார். பாலிலும் இப்போது தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது.