கட்டுண்ட அவையும் காணாத கூத்தும்

கூத்தினை வகைப்படுத்திய முன்னோர், அரசர் முன் ஆடுவது வேத்தியல் என்றும் ஏனையோர் முன் ஆடுவது பொதுவியல் என்றும் இரண்டாகப் பகுத்தனர். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையொன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றி, இன்று உலகெங்கும் நாள்தோறும் பல்லாயிரம் முறை நிகழ்த்தப்பட்டு வந்தும், கலை ஆய்வாளர் எவரும் அதனைக் கூத்தென ஏற்றதாகத் தெரியவில்லை. விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும் சில நிமிடங்களில், இருக்கை வரிசைகளுக்கு இடையேயுள்ள குறுகிய நடைவழியில் நின்றுகொண்டு, எங்கிருந்தோ ஒலிக்கும் குரலுக்கு ஏற்பக் கைகளை அசைத்துக் கேபின் பணியாளர் நடத்திக் காட்டும் பாதுகாப்புச் செயல்விளக்கமே அது. துறையினர் இதனை 'டெமோ' என்னும் ஈரெழுத்தில் அடக்கிவிடுவர்.

பிற கூத்துகளில் அவையோர் விரும்பி வருவர், விரும்பாவிடில் எழுந்து செல்வர். இக்கூத்திலோ அவையோர் முன்னரே பட்டையால் இருக்கையோடு பிணிக்கப்படுகின்றனர். இருக்கைகள் பெரும்பாலும் முன்னோக்கியே அமைந்துள்ளன. ஆடுபவர் கண்ணெதிரே, கை நீட்டினால் தொடும் தொலைவில் நிற்கிறார். இத்தனை இருந்தும் காண்பார் இல்லை. அவ்வாறாயின் இது தோற்ற கூத்தன்றோ எனின், அற்றன்று; பாராமை இக்கூத்தின் குறையன்று, அதன் இலக்கணத்துள் ஓர் உறுப்பே என்பதும், பார்ப்பார் இரார் என்று தெரிந்தே இதன் ஒவ்வோர் அசைவும் வகுக்கப்பட்டுள்ளது என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. தமிழில் விமானம் என்பது கோயிற் கருவறையின் மேல் எழும் கட்டடத்தையும் குறிக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஆயிரம் ஆண்டுகளாக ஓரடியும் நகராமல் நிற்க, அதே பெயருடைய மற்றொன்று மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் விரைவது மொழியின் திருவிளையாடல்களுள் ஒன்று. ஆங்கிலச் சொற்களோ கப்பலிலிருந்து இறங்கி வந்தவை. கேப்டன், க்ரூ, கேபின், தலைமைப் பணியாளரைக் குறிக்கும் பர்சர் ஆகிய யாவும் கடலில் நனைந்த பின்னரே வானேறின. அவ்வரிசையில் வருவதே விமானத்துச் சமையற்கட்டின் பெயரான 'கேலி'. உணவு சூடாக்கும் அடுப்பும் தள்ளுவண்டிகளும் வெந்நீர்க் கலங்களும் வைக்கப்படும் அவ்விடத்துக்கு வேற்று மொழியார் இட்ட பெயர், அங்கிருந்து வரும் உப்புமாவைப் பற்றித் தமிழ்ப் பயணிகள் நிகழ்த்தும் உரையாடலுக்கும் அப்படியே பொருந்திவிடுவதைத் தற்செயல் என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

இனி அரங்கப் பொருள்கள். கூத்தருக்குரிய முடியும் வாளும் அட்டையால் ஆனவை என்பது போல, டெமோவுக்குரிய பொருள்களும் போலிகளே. எந்த இருக்கையோடும் இணையாத பட்டைத் துண்டு, காற்று வாராத முகமூடி, செயல்விளக்கத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்ட உயிர்காப்பு அங்கி ஆகிய மூன்றும் ஒரு பையில் அடங்கும். இவற்றுள் முதலாவதான பட்டையே பெரும் ஏளனத்துக்கு இலக்கானது. ஒரு கொக்கியை மாட்டவும் கழற்றவும் வளர்ந்த மனிதருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று வினவாத பயணி இல்லை. இவ்வினா நுட்பமற்றது. காரின் பட்டை பொத்தானை அழுத்தினால் விடுபடும். விமானத்தின் பட்டையோ மேல்மூடியைத் தூக்கினால்தான் விடுபடும். அமைதியான நேரத்தில் இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. ஆனால் அச்சத்தில் மனம் சிந்தனையைக் கைவிட்டுப் பழக்கத்தைப் பற்றிக்கொள்ள, விரல்கள் இடுப்பின் பக்கவாட்டில் இல்லாத பொத்தானைத் தேடி அலைவதாக விபத்து ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே, பணியாளர் மூடியைத் தூக்கிக் காட்டும் அந்த நொடியானது, காரில் செலவழித்த பல்லாண்டுப் பழக்கத்தை எதிர்த்து நடத்தப்படும் சிறு கிளர்ச்சி என்க.

கையசைவுகளுள் முதன்மையானது அவசர வழிகளைச் சுட்டுதல். இங்கே ஒற்றை விரல் விலக்கப்பட்டு, இரு விரல்களோ விரித்த உள்ளங்கையோ கொள்ளப்படும். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினால் பலர் அதனைத் தம்மைக் குற்றஞ்சாட்டுவதாகக் கொள்வர் என்பது தமிழ்நாட்டுப் பேருந்துகளிலும் உறுதி செய்யப்பட்ட உண்மை. இக்கையசைவுகளுக்கும் ஆடல் முத்திரைகளுக்கும் உள்ள உறவை ஏர் இந்தியா வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அது வெளியிட்ட, பரத்பாலா இயக்கிய பாதுகாப்புக் காணொளியில் பரதநாட்டியம், கதகளி, ஒடிசி, பிஹு முதலிய எட்டு ஆடல் வகைகள் வழியே பட்டையும் முகமூடியும் அபிநயிக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 2009இல், ஏர் நியூசிலாந்து தன் பணியாளரின் உடலில் சீருடையை வண்ணமாகத் தீட்டி ஒரு காணொளி எடுத்தது; எல்லோரும் பார்த்தனர் என்பதில் ஐயமில்லை, எதைப் பார்த்தனர் என்பதே ஆய்வுக்குரியது. அழகு கூடும்தோறும் கண் ஆடுபவர் மேல் நிற்கும், கொக்கியின் மேல் நில்லாது. நடைவழியில் சலிப்போடு நிற்கும் பணியாளரின் அலங்காரமற்ற ஆட்டமே இலக்கணத்துக்கு நெருங்கியது என்பது இவ்வாய்வின் துணிபு.

காணாதார் பல திறத்தினர். கைபேசியில் கடைசிச் செய்தியை அனுப்பி, அது சென்றதற்கான இரு குறிகள் தோன்றும்வரை தலைநிமிராதார். அமர்ந்த கணமே வாய் திறந்து உறங்குவார். மேற்பெட்டியில் வைத்த ஊறுகாய்ப் புட்டியைப் பற்றியன்றி வேறொன்றையும் எண்ணாதார் எனப் பகுத்துக்கொண்டே போகலாம். இவருள் தலையாயவர் அடிக்கடி பறப்பவர். தமக்கு எல்லாம் தெரியும் என்பதைப் பிறர் அறிய வேண்டும் என்பதற்காகவே முயன்று பாராதிருப்பவர் அவர்; அந்த முயற்சிக்குத் தேவைப்படும் கழுத்துவலிமை டெமோவைப் பார்ப்பதற்கு வேண்டியதைவிட மிகுதி. இவர்களுக்கெல்லாம் எதிராக நிற்பவர் முதன்முறை பறக்கும் முதியவர். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனைக் காணச் செல்லும் அவர், பணியாளர் கை நீட்டும் திசையெல்லாம் திரும்பி, வழியை எண்ணி, பட்டையை இருமுறை மாட்டிக் கழற்றிப் பார்ப்பார். அவ்வவையில் சான்றோர் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமாயின் அவர் ஒருவரே. பக்கத்து இருக்கைக்காரர் நகைப்பதும் அவரைப் பார்த்தே.

காணாதார் பெரும்பான்மையர் என்பது வெறும் ஊகமன்று. 2009 ஜனவரி 15 அன்று பறவைக் கூட்டத்தில் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த பயணிகள் விமானமொன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட, அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். பின்னர் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பயணிகளை வினவியபோது, சுமார் 70 விழுக்காட்டினர் அன்றைய டெமோவைச் சிறிதும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. நனைந்த உடையோடு கரையேறியவரிடமிருந்து கிடைத்த இவ்வாக்குமூலத்துக்கு மேல் சான்று தேவையில்லை.

பின்னணிக் குரலின் உரைநடை தனித்து ஆராயத்தக்கது. நிகழ வாய்ப்பில்லை என்று முதலில் உறுதியளித்துவிட்டு, நிகழ்ந்தால் செய்ய வேண்டியதை உடனே விளக்கும் இந்நடைக்கு ஒப்பாக, மாப்பிள்ளை வீட்டார் கேட்கமாட்டார்கள், கேட்டால் என்ன சொல்வது என்று பெண் வீட்டார் நடத்தும் முன்னாலோசனையைக் காட்டலாம். முகமூடி பற்றிய பகுதியில் இந்நடை உச்சம் அடைகிறது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளது போல் இராது. ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்கு மிகாத ஒரு மலையில் இருப்பது போல் வைக்கப்படும். அதாவது, பயணி உதகமண்டலத்துக்குச் சற்று மேலேயும் தொட்டபெட்டா உச்சிக்குக் கீழேயுமாக, குளிருக்குச் சால்வை கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அழுத்தம் குறைந்து அவ்வுயரம் 14,000 அடி அளவை எட்டினால் முகமூடிகள் தாமே விழும்.

அப்போது முகமூடியை உம் பக்கம் இழுக்கவும் என்று குரல் சொல்லும் சொற்றொடரை உரையாசிரியர் எவரேனும் அசைநிலை என்று தள்ளிவிடக்கூடும். அது பிழை. பெரும்பாலான விமானங்களில் தலைக்கு மேலே இருப்பது உயிர்வளி அடைத்த உருளையன்று. சோடியம் குளோரேட்டு முதலிய வேதிப்பொருள்கள் நிறைந்த ஒரு சிறு கலம். இழுத்தால்தான் ஊசி விடுபட்டு வேதிவினை தொடங்கும். தொடங்கினால் 12 முதல் 22 நிமிடம்வரை உயிர்வளி வரும். கலம் சுடுவதால் ஏதோ கருகும் மணமும் உடன் வரும். முகமூடியின் பை ஊதிப் பெருக்காவிடினும் காற்று வருகிறது என்று குரல் சேர்த்துச் சொல்வதும், பை உப்பாததைக் கண்டு அஞ்சி முகமூடியைக் கழற்றி எறிவாரைக் கருதியே.

முதலில் உமக்கு அணிந்துகொண்டு பின்னர் பிறருக்கு உதவுக என்பதே இக்கூத்தில் தமிழ் மரபோடு நேருக்கு நேர் மோதும் வரி. பிள்ளை உண்டபின் உண்பதும், பேரன் உறங்கியபின் உறங்குவதும் அறமெனப் பயின்ற ஒரு பாட்டியிடம், உன் மூக்கை முதலில் மூடிக்கொள் என்பது தன்னலப் பரப்புரையாகவே ஒலிக்கும். ஆயினும் 35,000 அடி உயரத்தில் உயிர்வளியின்றித் தெளிவோடு செயற்படக் கிடைப்பது 30 முதல் 60 நொடிகளே. பேரன் முரண்டுபிடிக்க, அவனோடு போராடி நாற்பதாவது நொடியில் பாட்டி மயங்கினால், முகமூடியை எப்படி மாட்டுவது என்று அறிந்த ஒருவரும் அவ்வரிசையில் எஞ்சார்.

உயிர்காப்பு அங்கியை வெளியேறிய பின்னரே ஊதுக என்னும் விதிக்கு நகைச்சுவை பொருந்தாது. 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானமொன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுகளை அடுத்த கடலில் விழுந்தபோது, உள்ளேயே அங்கியை ஊதிக்கொண்ட பலர், ஏறிவந்த நீரால் மேற்கூரையோடு மிதந்து, வாயிலுக்கு மூழ்கிச் செல்ல இயலாமல் இறந்தனர். அன்று உயிரிழந்தோர் மொத்தம் 125 பேர்.

டெமோவில் சுட்டப்படாத, எனினும் ஆய்வாளர் விட்டுச்செல்ல இயலாத பொருளொன்று கழிப்பறையில் உள்ளது. கதவில் புகைபிடித்தல் குற்றம் என்னும் அறிவிப்பு. அதற்கு அருகிலேயே சாம்பற்கிண்ணம். விதியும் விதிமீறலுக்கான வசதியும் ஒரே கதவில் குடியிருப்பதைக் கண்டு, பழைய விமானமோ என்று ஐயுறுவர் பயணிகள். புத்தம்புதிய விமானத்திலும் அது இருக்கும், இருந்தே தீர வேண்டும் என்பது அமெரிக்க ஒழுங்குமுறை. 1973 ஜூலை 11 அன்று பாரிஸை நெருங்கிய வாரிக் நிறுவன விமானத்தின் கழிப்பறையில் பற்றிய தீயால் 123 பேர் மாண்டனர். தடையை மீறிப் புகைப்பவர் ஒருவர் இருந்தே தீருவார், அகப்படுமுன் அவர் சிகரெட்டைக் காகிதக் குப்பையில் எறிவதினும் கிண்ணத்தில் அணைப்பது நன்று என்பதே அதன் தத்துவம். குடிமக்கள் சட்டத்தை மதிப்பர் என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டங்கள் பல; மதிக்கார் என்று தெளிந்து எழுதப்பட்ட இச்சட்டத்துக்கு ஈடான நேர்மை பிறவற்றில் அரிது.

எஞ்சியிருப்பது வெளியேற்றம். 44க்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்ட விமானம் எதுவாயினும், வாயில்களில் பாதியே திறக்கும் நிலையில், இருட்டில், அனைவரும் 90 நொடிக்குள் வெளியேறலாம் என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் ஏர்பஸ் ஏ380இலிருந்து 873 பேர், பதினாறில் எட்டு வாயில்கள் வழியே, 78 நொடிகளில் சறுக்கிறங்கினர். சோதனைக்கு வந்தவர்கள் கையில் பெட்டி இல்லை என்பதை ஆய்வுலகம் மறக்கலாகாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்துகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், ஒலிபெருக்கி செயலிழந்துபோக, பணியாளர் கையிற்பிடித்த ஒலிகுழாயாலும் வெறுங்குரலாலும் வழிகாட்ட, 379 பேரும் மூன்றே வாயில்கள் வழியே தப்பினர். அவர்களும் பெட்டிகளை விட்டுவிட்டே வந்தனர். நூற்றெண்பது பேர் மட்டுமே வந்த விமானம் எந்த இடையூறுமின்றிச் சென்னையில் நின்றபின் காலியாவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டால், மனிதனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரணி தீயுமன்று வாயிலுமன்று, மேற்பெட்டியே என்பது பெறப்படும்.

பணியாளரோ இவற்றையெல்லாம் ஒவ்வொரு புறப்பாட்டிலும் தமக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வர். எதிர்முகமாக மடக்கிருக்கையில் அமர்ந்து, தீ எனில் எந்த வாயில், நீர் எனில் எந்த வாயில், முதலில் யாரை அழைப்பது என்று வாய்திறவாமல் எண்ணும் அச்செயலுக்கு மௌனப் பரிசீலனை என்று பெயர். கண்ணை மூடாமல் தியானம் செய்யும் இவரை, எதிர்வரிசைப் பயணி தம்மையே உற்று நோக்குவதாக எண்ணிச் சங்கடப்படுவதுண்டு.

அவையோர் ஒன்றும் கற்கவில்லை என்று கூறுவதற்கும் தரையிறக்கம் இடந்தராது. சக்கரம் நிலத்தைத் தொட்டு, விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில், விளக்கு அணையும்வரை அமர்ந்திருங்கள் என்று குரல் இறைஞ்சும் அதே வேளையில், முதல் வரிசை தொடங்கிக் கடைசி வரிசைவரை 'டக் டக்' என்று கொக்கிகள் விடுபடும் ஓசை எழும். ஒருவரும் பொத்தானைத் தேடுவதில்லை, அனைவரும் மூடியையே தூக்குகின்றனர். பின்னர், கதவு திறக்கப் பல நிமிடம் இருக்க, மேற்பெட்டிக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எல்லோரும் நிற்பர். பட்டையால் பிணிக்கப்பட்டு அமர்ந்திருப்போர் இப்போது பணியாளர் மட்டுமே; அவர்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பர்.