கப்பலில் ஏறிய தவசுப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் கொஞ்சம் வசதிப்பட்ட குடும்பங்கள் வெளியூர் போனால் சமையற்காரரான தவசுப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சாரல் காலத்துக் குற்றாலம், சித்திரை விசுவுக்குப் பாபநாசம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில் என்று எங்கே போனாலும், வண்டியில் முதலில் ஏறுவது உருளியும் அண்டாவும் கண்ணாப்பையும். அவற்றுக்கு நடுவில் இடம் ஒதுக்கி அவர் உட்கார்ந்து வருவார். இன்றைக்கு அந்தப் பிரயாணம் தலைகீழாகியிருக்கிறது. சமையற்காரர் போகிற கப்பலுக்கு நாம் பணம் கட்டி, அவரோடு போய் வருகிறோம்.

அப்படி ஒரு கப்பல் பயணத்தின் விளம்பரத்தைத்தான் சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பியிருந்தான். என் மனைவி வருடக்கணக்காகத் தொலைக்காட்சியில் பார்த்துவரும் சமையல் கலைஞர் ஒருவர் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவரோடு கடலில் சில நாட்கள். சமையல் வகுப்பு உண்டு, ஓர் இரவு விருந்து உண்டு, சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் அன்பளிப்பு எல்லாம் சேர்ந்தபோது இருவருக்குமான தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. "பணத்தை நான் கட்டுதேன், நீங்க போயிட்டு மட்டும் வாங்க" என்கிறான் மகன். "போவோமா அத்தான்?" என்கிறாள் இவள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் இருக்கிற வீட்டில் இது லேசான கேள்வி இல்லை. மகன் பணமானாலும் அது அவன் உழைத்த பணம். ஆனால் அவளுடைய ஆசையும் லேசானது இல்லை. 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புத்தகத்தை அவளுடைய அம்மா சீதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அட்டை போய், பக்கங்களில் எண்ணெய் ஏறி, இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் மனதார ஆசானாக ஏற்றுக்கொண்டது இந்தத் தொலைக்காட்சிச் சமையற்காரரைத்தான். மத்தியானம் நிகழ்ச்சி ஓடும்போது நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவாள். அந்த மரியாதையை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

சமையற்காரருக்குக் கிடைத்திருக்கிற மரியாதையில் எனக்கும் மனப்பூர்வமான சந்தோஷம் உண்டு. எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் நாதசுவர வித்துவான் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். ஆயிரம் இலைக்குச் சமைத்தவர் பெயர் இருக்காது. அவரை வீரவநல்லூர் தவசுப்பிள்ளை, கல்லிடைக்குறிச்சி தவசுப்பிள்ளை என்று ஊரை வைத்துத்தான் சொல்வார்கள். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு ஆக்குப்புரையில் ஓரமாக உட்கார்ந்து, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவார். வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் வாடகை நாற்காலிகூட எங்காவது தெரியும், அவர் தெரியமாட்டார். அந்த நிலை மாறத்தான் வேண்டும், மாறியும் விட்டது. செஃப் தாமு 2010-இல் ஒரு நாளுக்கும் மேலாக விடாமல் சமைத்துக் கின்னஸ் சாதனை செய்தார். 2019-இல் தொலைக்காட்சியில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியது. அவரும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக உட்கார்ந்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் சினிமா நடிகர்களின் முகங்களைப் போலப் பழகிவிட்டன.

இருந்தாலும் ஒன்றரை லட்சம் என்பது பெயருக்கா, கைக்கா என்று தெரிந்துகொள்ளாமல் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. உலகத்தில் மற்ற கப்பல்களில் எப்படி என்று விசாரித்தேன். 2010-இல் பயணத்தைத் தொடங்கிய பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'அசூரா' கப்பலில் 'சிந்து' என்று ஓர் உணவகம் வைத்தார்கள். அது அதுல் கோச்சர் பெயரைச் சொல்லி நடந்தது. ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர், மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியச் சமையல் கலைஞர்களில் ஒருவர். அங்கே போய்ச் சாப்பிட டிக்கெட்டுக்கு மேல் தனிக் காசு. பட்டியல் அவருடையதாக இருந்தது, பக்குவம் அவர் சொல்லிக்கொடுத்தது. தினம் தினம் அடுப்பில் நின்றவர்கள் கப்பலின் சமையற்காரர்கள். அவர் நேரில் வந்தது குறிப்பிட்ட சில பயணங்களுக்கு மட்டும். அமெரிக்காவின் கார்னிவல் கப்பல்களில் சமையல் கலைஞர் கை ஃபியெரி பெயரில் பர்கர் கடை 2011 முதல் இருக்கிறது. அங்கே தனிக் காசு கிடையாது, அவரும் அங்கே இருக்கமாட்டார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் மூன்று வேளையும் சாப்பிடும் இடத்தில் ஒரு மனிதரின் கை எல்லா இலைக்கும் எட்டாது.

எட்டிய கை எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். பாபநாசத்தில் படித்துறைக்கு மேலே, மருத மரத்தடியில் கல்லடுப்புக் கூட்டி எங்கள் தவசுப்பிள்ளை தேங்காய்ப்பாலில் சொதி வைப்பார். தேங்காய் துருவ வீட்டுப் பெண்கள் எல்லாரும் உட்காரலாம். பால் பிழியும் வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார். முதல் பாலைத் தனிப் பாத்திரத்தில் ஈரத்துணி மூடி அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்துவிடுவார். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் மூன்றாம் பாலில் வேகும். பிறகு இரண்டாம் பாலும், குழைய வேகவைத்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதும். முதல் பாலைக் கையில் எடுக்கும்போதே விறகை வெளியே இழுத்துவிடுவார். ஓரத்தில் நுரை கூடிவந்ததும் இறக்கிவிடவேண்டும், தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் கடைசியில்தான். "சூட்டுல பிழிஞ்சா கசந்துரும் தம்பி, பொறு" என்பார், பக்கத்திலேயே நிற்கிற என்னிடம். நாக்கில் விட்டு ருசி பார்க்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. ஆவியை முகர்ந்து உப்பு சொல்வார். கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு, அப்பளம். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு அவரே கரண்டியோடு வந்து விடுவார். யாருக்கு இரண்டாம் தடவை வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

இப்போது காரையாறு, முண்டந்துறை எல்லாம் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக்கூட வனத்துறை விடுகிற நாட்களுக்குள் போய்த் திரும்ப வேண்டும். காட்டுக்கும் ஆற்றுக்கும் அது தேவைதான். குடில் போட்டு நாள்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டு, இலையையும் சாம்பலையும் தாமிரபரணியில் தள்ளிய காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

சொதியே கப்பலேறி வந்த பண்டம், இலங்கையிலிருந்து வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இருந்த போக்குவரத்து அப்படி. கப்பல் டிக்கெட்டின் விலையைப் பற்றி எங்கள் சீமை யோசிப்பதும் இது முதல் தடவை இல்லை. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களும் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களுக்குத் தங்கள் காசு எங்கே போகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் நானும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

பயண நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பேசிய பெண் பொறுமையாகவே பதில் சொன்னார். சமையல் வகுப்பு கப்பலின் அரங்கத்தில், மேடையில். அவர் செய்து காட்டுவார், நாம் நாற்காலியிலிருந்து பார்க்கலாம். அவரோடு ஒரே மேசையில் விருந்து, உயர்ந்த வகுப்பு அறை எடுத்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு வரிசையில் நின்று படம். அன்றாடச் சாப்பாடு எல்லாருக்கும் போலக் கப்பல் சமையலறையிலிருந்து வரும். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அவரு கையால ஒரு வாய் கிடைக்காதா?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, கிடைக்காது என்றுதான் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அன்று ராத்திரி நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். சமையற்காரர் பெயர் இல்லாமல் அதேபோன்ற கப்பலில், அதே எண்ணிக்கை இரவுகளுக்கு என்ன ஆகும் என்று பார்த்தால் ஏறக்குறையப் பாதி. சென்னையிலிருந்தே 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' புறப்பட ஆரம்பித்துவிட்டதால் இதற்காக வெளிநாடு போய் ஏறவேண்டியதில்லை. 1,500 பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல் அது. ஆக, மீதிப் பாதி ஒரு மேடைக் காட்சிக்கும் ஒரு படத்துக்கும்தான். பத்துப் பன்னிரண்டு பேரை அடுப்பைச் சுற்றி நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுத்து, "இப்பம் இறக்கு" என்று சொல்லித் தருகிற பயணமாக இருந்தால் அந்த விலை தகும். புதிதாக ஓட்டல் தொடங்கப் போகிற பையனோ பெண்ணோ கடன் வாங்கியாவது போகலாம் என்று சொல்வேன். அந்தச் சமையற்காரரை ஒரு கலைஞராக மேடையில் பார்ப்பதே போதும் என்கிறவர்களுக்கும் தகும். கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் வாங்குவதில்லையா? இவளுக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

ஆனால் கடல் வேண்டும் என்றாள். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' விட்டபோதே கேட்டவள் அவள். ஜூனில் தொடங்கிய போக்குவரத்து அந்த வருடம் முடிவதற்குள் நின்றுவிட்டது. திருச்செந்தூரில் கரையில் நின்று பார்த்த கடலை, கரை மறைந்த பிறகு நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்ற அவளுடைய ஆசைக்கு விலை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண டிக்கெட்டே எடுக்கச் சொல்லி மகனிடம் சொல்லிவிட்டோம்.

மிச்சத்துக்கும் ஒரு வழி செய்திருக்கிறோம். தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து, பாபநாசத்தில். எங்கள் பழைய தவசுப்பிள்ளையின் மகன் இப்போது டவுனில் காண்டிராக்ட் எடுத்துச் சமைக்கிறார். கேஸ் அடுப்பு, பத்து ஆட்கள், இலைக்கு இவ்வளவு என்று கணக்கு. சொதியை மட்டும் ஆட்களிடம் விடாமல் அவரே நின்று வைக்கவேண்டும், அதற்கு அவர் கேட்கிறதைத் தருவோம் என்று போய்ச் சொன்னோம். அவர் சொன்ன தொகைக்கு மேல் ஒரு பங்கு வைத்துக் கொடுத்தாள் இவள். பத்திரிகையில் நாதசுவரக்காரர் பெயருக்குக் கீழே 'சமையல்' என்று போட்டு, அவர் பெயரை முதலெழுத்தோடு அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம். புரூஃபைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார், முதலெழுத்து சரிதான் என்றார்.

"தேங்காய் எங்க எடுக்கதா இருக்கீய அண்ணாச்சி? மார்க்கெட்டுல வாங்கிராதீய, அம்புட்டும் முத்தல். நான் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஆள் அனுப்பி எடுத்துக்கிடுதேன். எத்தனை இலைன்னு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க."