சாளரக் காவலர்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னர் அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தையும், மாவட்டத் தலைநகரான திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்த் தொழிற்பேட்டையையும் நம்பி வாழும் நடுத்தரக் குடும்பங்களிடையே, அண்மைக் காலத்தில் ஒரு புதிய மனித வகை தோன்றியுள்ளது. இவ்வகையினரைச் சாளரக் காவலர் எனலாம். பகலில் உருக்காலையிலோ வார்ப்பாலையிலோ பாதுகாப்பு அலுவலராக, தொழிலாளர் பேச்சில் சொன்னால் 'சேஃப்டி ஆபீசராக', வேலை பார்த்துவிட்டு, வீடு திரும்பியதும் தம் பூனை ஜன்னல் வழியே வெளியேறாமல் காப்பதை இரண்டாவது ஷிஃப்டாக ஏற்றுக்கொண்டவர் என்பது இவ்வகைக்கு இலக்கணம்.

பழைய தமிழ் வீட்டில் பூனையை எவரும் வளர்த்ததில்லை. அது ஓட்டின் வழியாக வந்து, அடுப்படியில் தூங்கி, கொல்லைப்புறமாகப் போயிற்று, அவ்வளவே. அடுக்குமாடிக் குடியிருப்பு வந்த பிறகு ஓடும் இல்லை, கொல்லையும் இல்லை. கீழே தெருநாய்க் கூட்டமும், அப்பால் கம்பிக்கட்டு ஏற்றிய டிரெய்லர் லாரிகளும் மட்டுமே உள்ளன. ஆகவே பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது என்னும் காவலரின் முடிவில் குறை காண இடமில்லை. குறை அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில்தான் தொடங்குகிறது.

வைணவ ஆசாரியர்கள் சரணாகதியை விளக்க இரண்டு நியாயங்களைக் கூறுவர். குட்டியே தாயை இறுகப் பற்றிக்கொள்வது குரங்கின் வழியாகிய மர்க்கட நியாயம். தாயே கவ்விச் செல்ல, குட்டி ஒன்றும் செய்யாமல் தொங்குவது பூனையின் வழியாகிய மார்ஜார நியாயம். முன்னதை வடகலையாருக்கும் பின்னதைத் தென்கலையாருக்கும் உரியதாகச் சொல்வது மரபு. வடகலையைச் சார்ந்த அகோபில மடத்தின் நிர்வாகத்தில் வீரராகவப் பெருமாள் கோயில் விளங்கும் திருவள்ளூரில் குரங்கின் கட்சிக்கே செல்வாக்கு என்றாலும், சாளரக் காவலர் வீட்டு நிலைமை இரண்டிலும் அடங்காது. இங்கே பற்றுபவர் காவலர், நழுவுவது பூனை. இதற்கு எந்தக் கலையிலும் நியாயம் வகுக்கப்படவில்லை.

காவலரின் நம்பிக்கை முழுவதும் ஜன்னல் கொசுவலையின் மீது நிற்கிறது. கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணி இருப்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த பின், 1900ஆம் ஆண்டு இத்தாலியின் சதுப்பு நிலத்தில் சாம்பன், லோ என்னும் மருத்துவர்கள் வலையடித்த குடிலில் மாதக்கணக்கில் தங்கி, கொசு கடிக்காவிட்டால் காய்ச்சல் வராது என்று மெய்ப்பித்தனர். அதாவது, இரண்டு மூன்று மில்லிகிராம் எடையுள்ள உயிர் உள்ளே வராமல் தடுப்பதற்கென்று வந்த பொருள் இது. நான்கு கிலோ எடையுள்ள உயிர் வெளியே போகாமல் தடுப்பதாக அது எவருக்கும் வாக்களித்ததில்லை. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான வேலி வேண்டும் என்று விதித்திருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவை உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய ஒருவர், சதுர அடிக் கணக்கில் வாங்கிய ஃபைபர் வலையை வேலி என்று எவ்வாறு நம்பினார் என்பது ஆராயத்தக்கது.

பூனை அந்த வலையை ஆராய்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. வெல்க்ரோ வகையில், சட்டத்தில் ஒட்டிய பட்டையின் நுண்ணிய கொக்கிகளில் உருக்காலைப் பகுதிக்கே உரிய கரித்தூள் சில மாதங்களில் அடைந்துகொள்ள, பிடிப்பு முதலில் கீழ்மூலையில் தளர்கிறது. பூனையின் நகம் தேடுவதும் அந்த மூலையைத்தான். தள்ளு ஜன்னலிலோ வலையை அலுமினியப் பள்ளத்தில் அழுத்தி வைத்திருப்பது 'பீடிங்' எனப்படும் மெல்லிய ரப்பர் கயிறு. இரண்டு கோடை கண்ட பீடிங் காய்ந்து சுருங்கிவிடும் ஆதலால், வெளியே புறாவைக் கண்ட பூனை முன்னங்கால்களை ஊன்றிச் சாய்ந்த அளவிலேயே வலை ஓசையின்றிக் கழன்று கொடுக்கிறது. பீடிங் உறுதியாக இருந்தாலும் கவலையில்லை. வலைக்கதவு எடையற்றது, தாழ்ப்பாள் இல்லாதது. சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே ஒரு பாதத்தை நுழைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் நகர்ந்துவிடும். பூனையின் காறை எலும்பு தோள் மூட்டுடன் இணையாமல் தசைக்குள் மிதப்பதால், தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழையும் என்பது உயிரியல். தலை நுழையும் அளவு இடைவெளி விட்டே ஜன்னல் கம்பி போடப்படுகிறது என்பது கட்டடக் கலை. தென்னாட்டுக் கட்டடங்களுக்கு முறுக்குக்கம்பி அனுப்பும் ஊரில், ஒரு ஜன்னலுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலையைத் திருகாணி வைத்து முடுக்க இரண்டு மணி நேரம் போதும். அதற்குரிய ஞாயிற்றுக்கிழமைதான் காவலருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மாறாக, அவருக்குப் புள்ளிவிவரம் வாய்த்திருக்கிறது. மாடியிலிருந்து பூனைகள் விழுந்து அடிபடுவதை மருத்துவர்கள் 'உயர்மாடி நோய்க்குறி' என்பர். இது குறித்து நியூயார்க் விலங்கு மருத்துவமனையில் 132 பூனைகளை ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்ததாகக் கூறுகிறது. இதை அண்டை வீட்டாருக்கு எடுத்துரைக்கும் காவலர், விழுந்த இடத்திலேயே இறந்த பூனைகளை எவரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை என்பதையும், பிழைத்தவற்றுள் பலவற்றுக்கு நெஞ்சும் தாடையும் கால்களும் நொறுங்கியிருந்தன என்பதையும் குறிப்பிட மறந்துவிடுவார். கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்தால் வெளியேறும் வேட்கை பெரிதும் தணியும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதையும் அவர் 'பாவம்' என்ற ஒரே சொல்லில் ஒத்திவைத்திருப்பார்.

பூனை தப்புவது பெரும்பாலும் விடியற்காலையில். விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டைப் பொழுது. ஆறு மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் காவலர் பரபரக்கும் பொழுதும் அதுவே. மதிலில் தாவிய பூனை குறுக்கே போனதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர், சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்து உட்கார்ந்து எழுவதற்குள் அவருடைய பஸ்ஸும் போய்விடுகிறது. "சார், உங்க பூனையால எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு" என்று அவர் தொடுக்கும் வழக்கு, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கும்.

காவலர் உடனே தேடுதல் படை அமைப்பார். ஒருவர் ரயில் நிலையத்துக்கும், ஒருவர் எளாவூர்ப் பக்கமும் அனுப்பப்படுவர். பழவேற்காட்டு மீன் விற்கும் அம்மாளிடம் தனி விசாரணை நடக்கும். காணாமற்போய்க் கிடைத்த பூனைகளில் முக்கால் பங்கு 500 மீட்டருக்குள்ளேயே அகப்பட்டன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியுலகைக் கண்டதும் அஞ்சி, அருகிலுள்ள முதல் மறைவிடத்தில் பதுங்கிப் பெயர் சொல்லி அழைத்தாலும் குரல் கொடுக்காமல் இருந்துவிடும். எனவே, எளாவூர் போனவர் திரும்பும்போது, அது மாடிப்படியின் அடியில் தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் அமர்ந்திருப்பது தெரியவரும்.

அடுத்து நடப்பது 'வொய்-வொய் அனாலிசிஸ்'. ஒரு தவற்றுக்கு அடுக்கடுக்காக ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூல காரணத்தை அடையும் இம்முறை டொயோட்டா நிறுவனத்தில் தோன்றி உலகத் தொழிற்சாலைகளுக்குப் பரவியது. பூனை ஏன் போயிற்று? வலை திறந்திருந்தது. வலை ஏன் திறந்தது? கண்ணாடிக் கதவு சாத்தப்படவில்லை. ஏன் சாத்தவில்லை? புழுக்கம். ஏன் புழுக்கம்? மின்தடை. அக்னி நட்சத்திரத்தில், மின்தடையின்போது, கண்ணாடிக் கதவைத் திறந்தது யார் என்னும் இடத்தில் ஐந்தாவது ஏன் வந்து நிற்கும். கூடத்து நாற்காலியில் விசிறியுடன் அமர்ந்திருக்கும் தாயார், "நான்தாண்டா திறந்தேன், காத்து வேணாமா மனுஷனுக்கு?" என்பார். அனுமதிச் சீட்டின்றி எவரும் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்னும் சுற்றறிக்கை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டே இருக்கும். உலை எரியும்போதே ஆலையை நிறுத்தும் அதிகாரம் படைத்த அந்த அலுவலர், சுற்றறிக்கையை ஒருமுறையும் தாயாரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, மூல காரணம் என்னும் கட்டத்தில் 'கொசுவலை' என்று எழுதிக் கையொப்பமிடுவார்.