ஏட்டில் விளைந்த நெல்

1957-இல் சீனா காய்ச்சிய எஃகு 53 லட்சத்து 50 ஆயிரம் டன். அடுத்த வருஷமே அதை இரட்டிப்பாக்கச் சொன்னார் மாவோ. உலை எங்கே, நிலக்கரி எங்கே என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய வாய்களுக்கெல்லாம் ஏற்கெனவே 'வலதுசாரி' என்று முத்திரை குத்தியாகிவிட்டது. பெய்ஜிங் சொன்ன இலக்கோடு மாகாணம் தன் விசுவாசத்தைக் கொஞ்சம் கூட்டியது. மாவட்டம் இன்னும் கொஞ்சம் கூட்டியது. மொத்தமும் கூட்டுப் பண்ணையான கம்யூன் தலையில் விடிந்தது. கம்யூனுக்குக் கீழே தள்ளிவிட ஆளில்லை. வாணலிதான் இருந்தது.

அதையே கொல்லைப்புற உலையில் போட்டார்கள். பொதுச் சமையற்கூடம் வந்தபிறகு வீட்டுக்கு எதற்கு வாணலி? உருகி வந்த கட்டி ஆணி அடிக்கக்கூட ஆகவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் இலக்கைத் தாண்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதில் ஏறக்குறைய 30 லட்சம் டன் உருப்படாத இரும்பு என்பதை அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்கள்.

நெல்லின் கதை இதைவிடப் பிரமாதம். 1958 ஆகஸ்டில் மாவோ ஹெபெய் மாகாணத்து ஷுஷுய் மாவட்டத்துக்குப் போனார். உள்ளூர்க் கட்சிச் செயலாளர் ஒப்பித்த விளைச்சல் கணக்கைக் கேட்டு, இவ்வளவு தானியத்தையும் எப்படித் தின்று தீர்ப்பீர்கள் என்று கவலைப்பட்டார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிடலாமே என்று யோசனையும் சொன்னார்.

மற்ற மாவட்டக்காரன் சும்மா இருப்பானா? செப்டம்பரில் குவாங்சியின் ஹுவான்ஜியாங் மாவட்டம், ஒரு மூ நிலத்தில் 1,30,434 ஜின், 10 லியாங், 4 சியென் நெல் அறுத்ததாக அறிவித்தது. கிராம் வரைக்கும் சுத்தமான கணக்கு! நம் அளவில் சொன்னால், ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு இடத்தில் 65 டன். இன்றைக்கு ஒரு முழு ஏக்கரில் 3 டன் எடுப்பவரே கெட்டிக்காரர். பல வயல்களில் முற்றிய பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டதுதான் ரகசியம்.

பொய் சொன்னதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தக் கணக்கை நம்பி அரசாங்கம் கொள்முதலுக்கு வந்து நின்றது. எழுதியதில் பங்கு கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? விதைநெல்லையும் வாரிக் கொடுத்தார்கள். கொடுக்க முடியாத இடத்தில், குடியானவன் ஒளித்துவைத்திருக்கிறான் என்று சொல்லி வீடுவீடாகச் சோதனை போட்டார்கள். 1959-இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது, கணக்கெல்லாம் மிகை என்று கடிதம் எழுதிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாயின் பதவி பறிபோனது. அதைப் பார்த்த உள்ளூர் அதிகாரி உண்மையை எழுதுவாரா?

1961 வரை நீண்ட பஞ்சத்தில் செத்தவர்கள் ஒன்றரைக் கோடி என்கிறார்கள் சிலர், நாலரைக் கோடி என்கிறார்கள் சிலர். உத்தரவை மீறும் அதிகாரியால் ஒரு திட்டம்தான் கெடும். சீனத்தைப் பட்டினி போட்டது உத்தரவுக்கு மேலேயே செய்து காட்டிய அதிகாரிகள்.