பேட்டுக்குக் கட்டுப் போட்ட கதை

புத்தளத்து எலுவன்குளத்தில் கோழி வளர்ப்பவருக்கு எதிரிகள் ஏராளம். பக்கத்தில் வில்பத்துக் காடு. அங்கிருந்து மரநாய் வரும், கீரி வரும். சில இரவுகளில் யானை வந்து வேலி இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டுப் போகும். பகலில் மேலே பருந்து. இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த ஒரு பேடு, கடைசியில் உள்ளங்காலில் குத்திய முள்ளொன்றிடம் தோற்றுப்போய் முற்றத்தில் ஒற்றைக்காலில் நின்றது.

கோழி ஒற்றைக்காலில் நிற்பது அதிசயமில்லை, சும்மாவே நிற்கும். அதனால் வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. நொண்டத் தொடங்கியதும்தான் விசாரணை ஆரம்பமாயிற்று. பக்கத்து வளவுப் பொடியன் கல்லெறிந்திருப்பான் என்று மாமி சாட்சியில்லாமலே தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்காரர் இன்னும் சுருக்கமாக முடித்தார்: “ஏலாட்டி அறுத்து ஆக்குங்க.” அவருடைய வைத்தியத்தில் எல்லாக் கோழி வருத்தத்துக்கும் ஒரே மருந்து, மிளகு.

வீட்டுக்காரி, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ராத்தா, பேட்டைத் துவாயில் சுற்றிக் காலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் நடுவில் கறுத்த பொருக்கு. சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு.

அந்தப் பொருக்குத்தான் இந்தக் கால் வருத்தத்தின் அடையாளம். முள்ளோ கண்ணாடித் துண்டோ கரடுமுரடான கல்லோ தோலைக் கிழிக்க, அந்த வழியாகப் பெரும்பாலும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பாக்டீரியா உள்ளே நுழைகிறது. உடல் கனத்த கோழிக்கும், ஈரக் கூட்டில் நிற்கும் கோழிக்கும், உயரத்திலிருந்து கடின நிலத்தில் குதிக்கும் கோழிக்கும் ஆபத்து அதிகம். ஊர்க்கோழிகள் மரநாய்க்குப் பயந்து மாவிலும் முருங்கையிலும் ஏறித் தூங்குகின்றன. விடிந்ததும் அவை இறங்கும் விதத்தை இறங்குதல் என்று சொல்வது மரியாதைக்குத்தான், உண்மையில் விழுகின்றன.

கிருமியும் லேசுப்பட்டதல்ல. 1928இல் லண்டன் சென்ட் மேரிஸ் வைத்தியசாலையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தது இந்த ஸ்டஃபிலோகொக்கஸ் குடும்பத்தைத்தான். அதில் பூஞ்சணம் விழுந்ததால் பென்சிலின் கிடைத்தது. இன்னொரு செய்தி நமக்கு அவ்வளவு பெருமை தராது. எடின்பரோ ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறைச்சிக் கோழிகளிடம் எடுத்த ஓரியஸ் மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே வம்சம். அது அந்த ஆய்வுக்குச் சுமார் 38 ஆண்டுகளுக்கு முன், போலந்திலோ அதன் அயலிலோ, மனிதரிடமிருந்து கோழிக்குத் தாவியது. பறவைக் காய்ச்சல் என்றால் கோழிகளைக் கும்பல் கும்பலாகப் புதைக்கிறோம். இந்த விஷயத்தில் கோழிகள் வழக்குப் போட்டால் நமக்கு வக்கீல் கிடைப்பது கஷ்டம்.

ராத்தாவுக்குப் போலந்து தெரியாது, அபுதாபி தெரியும். புத்தளத்துப் பெண்கள் பலரையும்போல அவரும் வளைகுடாவில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவர். அபுதாபியில் 1999இல் வேட்டை வல்லூறுகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். தோல் தொப்பியால் கண் மறைத்த நோயாளிகள் அங்கே வரிசையாக உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும். அமீரகத்தில் 2002 முதல் வல்லூறுக்குப் பாஸ்போட் கூட உண்டு. நாளெல்லாம் ஒரே தண்டில் நிற்கும் அந்தப் பறவைகளுக்கும் இதே கால் வருத்தம் வருகிறது. மிருகக்காட்சிசாலைப் பென்குயினையும் அது விடுவதில்லை.

“அரபி வீட்டுப் பறவைக்குக் காலில கட்டு, என்ட பேட்டுக்கு மட்டும் மிளகுத்தூளா?” என்று ராத்தா கேட்டதோடு சமையல் யோசனை கைவிடப்பட்டது.

முதலில் வேண்டியது இளஞ்சூட்டுத் தண்ணீரும் எப்சம் உப்பும். புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் உப்பளத்தில் விளைவது சோற்றுப்பு. எப்சம் உப்போ மக்னீசியம் சல்பேட். சோற்றுப்பு படிந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் நிறையவே உண்டு. இருந்தாலும் இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாமசியில் வாங்க வேண்டியிருக்கிறது. 1618இல் கடும் வறட்சியிலும் மாடுகள் வாய் வைக்க மறுத்த ஊற்றால் அந்த ஊர் பேர்பெற்றதாகச் சொல்வார்கள்.

மாமிக்கு அது பேதியுப்பு. “கோழிக்கு வயிறா சரியில்ல?” என்று கேட்டவர், கால் என்றதும் மருமகளின் வைத்தியத்தில் மிச்சமிருந்த நம்பிக்கையையும் விட்டார்.

பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் கால் ஊற வேண்டும். பேடு அடங்கி நின்றது, சூட்டில் கண்கூடச் சொருகியது. பிறகு விழித்துக்கொண்டு, யாரும் தடுப்பதற்குள் தலையைத் தாழ்த்தி அதே தண்ணீரில் சில மிடறு குடித்தது. மாமி சொன்ன பெயரின் பொருத்தம் அன்று பின்னேரமே முற்றமெங்கும் நிரூபணமாயிற்று.

மனிதருக்குச் சீழ் வடியும், கோழிக்கு வடியாது. அதைக் கரைத்து நீராக்கும் நொதிகள் பறவையின் வெள்ளணுக்களில் போதாது. அதனால் சீழ் உள்ளேயே இறுகி, காய்ந்த பாலாடைக்கட்டி போல உருண்டையாகத் தங்கிவிடுகிறது. பிதுக்கினால் வெளியே வராது, கிருமிதான் இன்னும் ஆழத்துக்குப் போகும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடலாமே என்பார்கள். மேலே பூசியது உள்ளே கிடக்கும் உருண்டையைச் சென்று சேராது. ஊறிய பொருக்கு தானாகக் கழன்றால் எடுக்கலாம். கத்தியைத் தொடுவது வேறு கதை. நரம்பும் தசைநாணும் நெருங்கிக் கிடக்கும் இடத்தை மரப்பூசி இல்லாமல் அறுப்பது வைத்தியமல்ல, கொடுமை. வீக்கம் பெரிதானாலோ, கணுக்கால் வரை ஏறினாலோ, பேடு தீனியை மறந்தாலோ அரச கால்நடை வைத்தியரிடம் போவதுதான் வழி. கிருமி எலும்பைப் பிடித்தால் பிறகு மீட்பது கடினம். அவர் அன்டிபயோட்டிக் கொடுத்தால், சொன்ன நாள் வரை முட்டையையும் மறந்துவிட வேண்டும்.

ராத்தாவின் பேட்டுக்கு அவ்வளவு முற்றவில்லை. கையுறை போட்டு, பொவிடோன் அயடினால் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து பூசி, விரலிடுக்குகள் வழியாகப் பண்டேஜைச் சுற்ற வேண்டும்; இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும். கோழியைப் பிடிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. அறுக்கும்போது பிடிக்கும் பிடிதான் அவருக்குத் தெரியும். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. அதை அமுக்கிப் பிடித்தால் கால் சுகமாகும், கோழி இருக்காது. மனைவி அதட்டியபின் பிடி தளர்ந்தது. பேடு பறந்துபோய் அலுமாரி மேல் உட்கார்ந்தது.

கட்டிய கட்டை அடுத்த நாள் அதுவே கொத்திப் பிரித்தது, மறுபடி கட்டப்பட்டது. மற்றக் கோழிகளும் வந்து கொத்தும் என்பதால் தனிக் கூடு, காய்ந்த வைக்கோல், மரக்கிளைக்குப் பதில் தரையோடு ஒட்டிய தட்டைப் பலகை, நேரத்துக்குக் கட்டு மாற்றல், பூரண ஓய்வு. மகாராணி உபசாரம்.

இதையெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் சீனி வருத்தம். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்லியும் வெறுங்காலோடேயே வளவைச் சுற்றுபவர். குதிக்கால் வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். ஒருநாள் பேசினில் மிஞ்சிய சூட்டுத் தண்ணீரைக் கண்டதும் சாரத்தை உயர்த்தி, அந்தக் காலை அதற்குள் இறக்கப் போனார்.

“கால எடுங்க! அது கோழி நின்ட தண்ணி!” என்று ராத்தா குசினியிலிருந்தே கத்தினார். அவர் கத்தியது சரிதான். கோழியிடமிருந்து அதே கிருமி வெடிப்பு வழியாக மனிதனுக்கு ஏறக்கூடும், அதுவும் சீனிக்காரர் காலில்.

அப்படியென்றால் அந்தப் பண்டேஜில் ஒரு துண்டாவது தரலாமே என்று அவர் கேட்டார். அது பேட்டுக்கு என்று சொல்லி அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிய ராத்தா, காலையில் முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகச் சொன்னார், செருப்புப் போட்டுக்கொண்டு.