நம்ம கடை

தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போன வாரம் ஏரலுக்குப் போய்விட்டு வந்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் என்னோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. ஏரல் பஜாரைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களைப் பற்றியும் எழுத எனக்கு நெடுநாள் ஆசை. இப்போது அதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் இந்த 'நம்ம கடை' சங்கதியை முடித்துவிடுகிறேன்.

உங்களுக்கும் ஒரு நம்ம கடை இருக்கும். ஆச்சியின் பாம்படத்தை அழித்து அம்மாவுக்கு அட்டியல் செய்த கடை. வயக்காட்டில் பங்கு கேட்டால் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையவிடுகிற சொந்தம், இந்தக் கடையை மட்டும் நாம் கேட்காமலே நம் தலையில் எழுதிவைத்துவிடும். எதிர்க் கடை வாசலில் 'சேதாரம் குறைவு' என்று போர்டு. அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான். "அங்க என்னத்தப் பாக்கிய? நம்ம கடை அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருக்காவ" என்று சித்தி முழங்கையால் இடித்தாள். கட்டின மனைவியை விட்டு வேறு எவளையோ பார்த்ததுபோல எனக்கே கூச்சமாகிவிட்டது.

உள்ளே போனால் அண்ணாச்சிக்கு நம் வீட்டு வரலாறு தலைகீழ்ப் பாடம். சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, "ஏக்கா, அந்த நெளி மோதிரத்த பேங்க்லேருந்து மீட்டுட்டியளா?" என்று அக்கறையாக விசாரித்தார். சம்பந்தியம்மா காது கேளாதவர் மாதிரி கலர் குடித்தார்.

பிறகு எடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. காற்றுப் படாமல் மூடிய டிஜிட்டல் தராசுதான், ஆனாலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு பேர் வேர்த்து வழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி இலக்கத்தையே பார்க்கிறார்கள். இரண்டு மில்லிகிராம் கூடினால் "என்ன அண்ணாச்சி, ஏறுது?" என்று மாமா எழுந்து நிற்கிறார். நியாயமான மனிதர். அடுத்து அண்ணாச்சி கால்குலேட்டரை எடுத்து, "சேதாரம் பன்னிரண்டு" என்கிறார். பவுனுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம். மில்லிகிராமுக்கு மூச்சடக்கிய கூட்டத்தில் கிராமுக்கு ஒருவர் வாய் திறக்கவில்லை. மிஷின் அறுத்து, மிஷின் பின்னிய செயினில் எது சேதமானது, அது எங்கே போனது என்று நான் கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. "தம்பி படிச்சவுக" என்றார் அண்ணாச்சி, வருத்தமாக. "உங்களுக்காவ ஒரு பெர்சென்ட் கொறச்சுப் போடுதேன். வெளிய சொல்லிராதீய." சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

பவுன் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பெர்சென்ட் குறைத்த பிறகும் லட்ச ரூபாய் பவுனுக்குப் பதினோராயிரம் சேதாரம், மொத்தத்துக்கும் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கெல்லாம் பேசாத சித்தி, ரோஸ் தாளில் மடித்த நகையை வைக்கிற பர்ஸில் இன்னொன்று வேண்டும் என்று அரை மணி நேரம் வழக்காடி, போன வருஷக் காலண்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

சரி, பஜாருக்கு வருகிறேன். டவுன் சேர்மனாக இருந்து 1908-இல் மறைந்த அருணாசல சுவாமியைச் சாமியாகக் கும்பிடுகிற ஊர் ஏரல். ஆடி அமாவாசைக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. (இப்போதிருக்கிற சேர்மன்களில் யாருக்கு அந்த யோகம் என்று உங்கள் ஊரையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.) 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி பஜாருக்குள்ளேயே வந்துவிட்டது. கடைக்காரர்கள் சேறு அள்ளி, கழுவி, மறுபடி விளக்கேற்றினார்கள். அதற்கு ஒரு கும்பிடு போட வேண்டும், போடுகிறேன். பக்கத்தில்தான் கொற்கை, பாண்டியர் முத்துத் துறைமுகம். ஆற்றோடு மேலே போனால் ஆதிச்சநல்லூர். நூறு வருஷத்துக்கும் முன்னால் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே உள்ள பழைய புதைகாட்டைத் தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. 2022-இலும் ஒன்று கிடைத்தது. தங்கத்தைச் செத்தவரோடு புதைத்திருக்கிறார்கள்! அந்த வீட்டில் ஒரு நாத்தனார்கூட இல்லையா? அந்தப் பட்டத்தை நம்ம கடைக்குக் கொண்டுபோனால் அண்ணாச்சி உரசிப் பார்ப்பார். "பழைய உருப்படி, அழுக்குத் தள்ளணும், உருக்குனா கொறையும். உங்களுக்காவ..." என்று ஆரம்பிப்பார்.

பாருங்கள், மறுபடி அங்கேயே வந்துவிட்டேன். தெருக்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். நகை எடுக்கப் போகிறவர்கள் சேதாரம் எத்தனை சதவீதம் என்று நாலு கடையில் கேளுங்கள், அதைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள், நகையில் பொறித்த ஆறெழுத்து ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, சித்தியிடம் வேறு ஏதாவது ஊர் பெயரைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.